உடம்பைவிடச் சிறிய உடை

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு வரைக்கும் எங்கள் தெருவில் யாரும் வீட்டைக் காலி செய்வதைப் பற்றிப் பேசவில்லை. மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையை நோக்கிப் போகிறது, சென்னைக்கு மழை கொட்டும் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டாபிராமில் எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே வந்தது. பிறகு வந்தவர்கள் மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டினார்கள். நடுவில் எங்களுடையதைப் போன்ற பழைய வீடுகள் மட்டும் தாழ்ந்து நின்றன. மழைக்கு வாசலில் தண்ணீர் தேங்கும், படியேறாது. 2015 டிசம்பர் வெள்ளம்கூடக் கடைசிப் படியோடு நின்றுவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் படுத்தோம்.

விடிவதற்கு முன்னால் கழிவறையிலிருந்து களகளவென்று சத்தம். தெருத் தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே, சாக்கடைத் தண்ணீர் கழிவறை வழியாகப் பொங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்ப்பதற்குள் கூடத்தில் கால் நனைந்தது. மகள் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். அவளுடைய அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்டில் இருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். அம்மா ஆவடி ஓ.சி.எஃப்.-இல், ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில், மெஷின் மிதித்தவர். அளவெடுக்கவும் வெட்டவும் அவரிடம்தான் படித்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம் என்பதால் ஊரார் துணிகள் வீடு முழுக்கக் கிடந்தன. பாவாடை, கவுன், ரவிக்கை என்று பேர் எழுதிக் கட்டி வைத்த மூட்டைகளை மகள் பரணில் ஏற்றினாள். மெஷின் தலையைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தோம். ஓவர்லாக் மெஷினைத் தூக்க முடியவில்லை. அதற்கெல்லாம் முன்பு நான் செய்தது ஒன்று உண்டு. கட்டில் தலைமாட்டில் மடித்து வைத்திருந்த ஸ்டாக்கிங்ஸை எடுத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு அழுத்தி மூடி, மகளிடம் கொடுத்தேன்.

"அம்மா, நகை டப்பா?" என்றாள்.

"அது அப்புறம். இதை விட்டுடாதே."

எனக்கு லிப்பெடீமா. இடுப்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரை தோலுக்கடியில் கொழுப்பு முறைதவறிச் சேரும் நோய். அனேகமாகப் பெண்களுக்கே வரும். வயதுக்கு வரும்போதோ, பிள்ளை உண்டாகும்போதோ, மாதவிடாய் நிற்கும்போதோ தலைகாட்டும், இல்லையென்றால் முற்றும். இரண்டு காலும் ஒன்றுபோலப் பருக்கும். விரலால் அமுக்கினாலே வலிக்கும். எதில் இடித்துக்கொண்டோம் என்றே தெரியாமல் ஆங்காங்கே நீலம் கன்றியிருக்கும். பட்டினி கிடந்தால் முகம் வற்றும், தோள் எலும்பு தெரியும், கால் மட்டும் அப்படியே நிற்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்கர் ஆலன், எட்கர் ஹைன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1940-இல் இதற்குப் பெயர் வைத்து எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கென்று தனி இடம் கிடைத்தது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில்தான். ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்ததற்கும் பட்டியலில் இடம் கிடைத்ததற்கும் நடுவில் எத்தனை பெண்களை "வாயைக் கட்டு" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். என் அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கும் இதே கால்தான். நோயின் பெயர் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

ஊரில் பருத்த காலுக்கு ஒரே பெயர்தான்: யானைக்கால். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அந்தப் பெயர் எனக்கு வந்துவிட்டது. யானைக்கால் நோயின் கிருமி இரவில்தான் மேல் ரத்தத்துக்கு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் இரவில்தான் செய்வார்கள். தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் பெயர் போகவில்லை. பிறகு வந்தது சாப்பாட்டுப் பேச்சு. சோற்றைக் குறைத்தேன், கொள்ளுக் கஞ்சி குடித்தேன், விடியற்காலையில் இந்து காலேஜ் ஸ்டேஷன் வரை நடந்தேன். கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு தலைப்பிரசவத்துக்குப் பிறகு கணுக்காலுக்கு மேலே சதைக்குள் புதைந்தது. பத்தர் இரண்டு முறை கண்ணி சேர்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன்.

நோயைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ரத்தக்குழாய் மருத்துவர் ஒருவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எழுந்து வந்து, கீழே உட்கார்ந்து என் பாதத்தைப் பார்த்தார். "மெட்டி லூசா சுத்துது, கொலுசுத் தடம் மட்டும் இவ்வளவு ஆழமா இருக்கே, எத்தனை வருஷமாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. யானைக்காலில் பாதமும் விரலும் சேர்ந்து தடிக்கும், பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். லிப்பெடீமாவில் கொழுப்பு கணுக்காலோடு வளையம் கட்டினாற்போல நின்றுவிடும், பாதம் சிறியதாகவே இருக்கும். இரண்டாவது கால்விரலின் அடித்தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். நிணநீர் தேங்கிய காலில் அந்தத் தோல் தடித்துப்போய்க் கிள்ளவே வராது. ராபர்ட் ஸ்டெம்மர் என்ற மருத்துவர் 1976-இல் எழுதிவைத்த சோதனை இது. எனக்குத் தோல் மெத்தென்று விரலுக்குள் வந்தது. "இது உங்க சாப்பாட்டால வந்தது இல்லை" என்று அவர் சொன்னபோது, இத்தனை வருஷம் யார் யாரோ சொன்ன பேச்செல்லாம் நினைவுக்கு வந்து, அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன்.

தின்று குணமாக்கிக்கொள்ள மாத்திரை கிடையாது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு, எங்கள் வருமானத்துக்கு அது எட்டாது. கைக்கெட்டியது அழுத்த உடை. கடைக்காரர்கள் பிரஷர் ஸ்டாக்கிங்ஸ் என்பார்கள். முதலில் டாப்ளர் வைத்து, காலின் தமனியில் ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தார்கள். அது சரியில்லாத காலை இறுக்கினால் ஆபத்து. அதன் பிறகு அளவு.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு அளவெடுத்த எனக்கு அன்றுதான் இன்னொருவர் அளவெடுத்தார். கால் வீங்கும் முன்பே எடுக்க வேண்டும் என்று காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். கணுக்காலின் ஒடுங்கிய இடம், ஆடுசதை தொடங்கும் இடம், அதன் பருமனான இடம், முட்டிக்குக் கீழே, நடுத்தொடை, மேல்தொடை என்று டேப் ஏறிக்கொண்டே போனது. நாங்கள் ரவிக்கை வெட்டும்போது உடம்பளவோடு கொஞ்சம் தளர்வு சேர்ப்போம். மூச்சு விட வேண்டும், கையைத் தூக்க வேண்டும். உள்ளே தையலுக்கு மேல் துணி விட்டுவைப்போம், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். இந்த உடையின் கணக்கு அதற்கு நேர் எதிர். உடம்பைவிடச் சிறியதாகவே இதைப் பின்னுகிறார்கள். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறையும். எனக்கு எழுதித் தந்தது இரண்டாம் வகுப்பு. கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம்.

இதில் பின்னல் இரண்டு விதம். வட்டப் பின்னல் குழாய் மாதிரி தையலில்லாமல் வரும், மெல்லியது, விலையும் குறைவு. ஆனால் மடிப்பு விழுந்த காலில் அது சுருண்டு கயிறாகி வெட்டும். தட்டைப் பின்னலில், காலின் வடிவத்துக்கு ஏற்பக் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் தட்டையாகப் பின்னிப் பின்பக்கம் ஒரு தையல் போட்டு மூட்டுகிறார்கள். துணி முரடு, தடிமன். மடிப்புக்குள் புகாமல் அதன்மேல் பாலம்போல நிற்கும். எனக்கு வேண்டியிருந்தது இதுதான். அளவை அனுப்பி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். விலை என் மெஷின் விலையைத் தாண்டியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது கணக்கு. என் கைக்கு எப்போது காசு சேர்கிறதோ அப்போது மாற்றினேன்.

அதைப் போட்டுக்கொள்வது தனி வேலை. குளித்த ஈரம் முற்றும் காய்ந்திருக்க வேண்டும். நகம் பட்டால் நூல் அறுந்துவிடும் என்று பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொள்வேன். மெட்டியில் சிக்காமலிருக்க பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதன்மேல் ஸ்டாக்கிங்ஸை ஏற்றி, விரல் பக்கம் திறந்திருக்கும் வாய் வழியாகக் கவரை உருவிவிடுவேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கையால் தடவி மேலே ஏற்ற வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளரும். ஆரம்பத்தில் மகள் பிடித்துக்கொள்ளாமல் முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே வேர்க்குரு அரிக்கும். தரையில் சம்மணம் போட்டால் முட்டிக்குப் பின்னால் அறுக்கும். வெளியூர் போனால் கழிவறை கிடைக்குமா என்ற கவலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வேன். இரவில் கழற்றி, லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் விரிக்க வேண்டும். வெயில் பட்டால், வெந்நீர் பட்டால் அந்த நூல் செத்துவிடும். தினமும் அலசினால்தான் நீண்டுபோன நூல் தன் பழைய இழுப்புக்குத் திரும்பும்.

இவ்வளவு பாட்டுக்கு என்ன பலன் என்று கேட்பார்கள். கால் இளைக்கவில்லை, இளைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வலி குறைந்தது. மாலையானால் காலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் கனம் குறைந்தது. மதியத்துக்கு மேல் மெஷின் மிதிக்க முடியாமல் படுத்துக் கிடந்தவள், இருட்டும் வரை உட்கார்ந்து தைத்தேன். மகளுடைய கல்லூரிக் கட்டணம் அப்படி மிதித்துச் சேர்த்த காசு. அதனால்தான் அந்த இரவில் நகையைவிட அது முக்கியமாகப் பட்டது.

திங்கட்கிழமை விடிந்தபோது கட்டிலின் சட்டம் வரை தண்ணீர். ஆவடியில் மட்டும் 28 சென்டிமீட்டர் மழை என்று பிறகு படித்தோம். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் இருக்கும் ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. அம்பத்தூரிலிருந்து வீட்டுக்காரர் வருவதற்கு வழியில்லை, போனும் விட்டு விட்டுத்தான் கிடைத்தது. எதிர்ச்சாரியில் இருக்கும் மாடி வீட்டு அக்கா பால்கனியில் நின்று, "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா, இன்னும் ஏறும்" என்று குரல் கொடுத்தார். மகள் தலைமேல் டப்பாவை வைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். இடுப்பு வரை தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் நின்றபோது என் காலில் வலி இல்லை. ராத்திரி முழுக்க நின்று மூட்டை தூக்கிய கால், ஸ்டாக்கிங்ஸும் இல்லாத கால், லேசாக இருந்தது. பயத்தில் மரத்துப்போய்விட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். காரணம் பிறகு புரிந்தது. அமெரிக்காவில் டொலிடோ நகரத்தில் கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளர் இருந்தார். அவருக்குக் காலில் சிரை நோய். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி விடுவதைக் கவனித்தார். தண்ணீர் ஆழமாக ஆக அழுத்தம் கூடும். நிற்கிறவரின் பாதத்தில் அது அதிகம், மேலே வர வரக் குறைவு. அதே ஏற்ற இறக்கத்தைத் துணியில் கொண்டுவர முடியுமா என்று பார்த்துத்தான் 1950 வாக்கில் அழுத்தக் காலுறையை உருவாக்கினார். ஒரு அடி ஆழத் தண்ணீர் அதன் அடியில் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும். இடுப்பளவுத் தண்ணீர் என் பாதத்துக்குக் கொடுத்தது என் ஸ்டாக்கிங்ஸ் கொடுப்பதைவிட அதிகம். வீட்டை அழித்துக்கொண்டிருந்த அதே சாக்கடைத் தண்ணீர்தான் அந்த நேரத்தில் என் காலைத் தாங்கியது. அக்கா வீட்டுப் படியில் ஏறி தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் மொத்தக் கனமும் ஒரேயடியாகக் காலில் இறங்கியது. நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

அந்த வீட்டில் எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. அக்கா வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். யார் எங்கே படுப்பது, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவர்தான் வகுத்தார். சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் கழிவறைக்கு, கேன் தண்ணீர் குடிக்க. கரண்ட் இல்லை. இரவில் பால்கனியில் நின்று பார்த்தால் எங்கள் ஊரில் அப்போது கட்டிக்கொண்டிருந்த டைடல் பார்க் கட்டடமும் இருட்டோடு இருட்டாக நின்றது.

கூடத்தில் ஆண்களும் பிள்ளைகளும் நிறைந்திருக்க, நான் எங்கே போய்ப் புடவையைத் தொடை வரை தூக்கி ஸ்டாக்கிங்ஸ் மாட்டுவது? காலையில் கேட்கக் கூச்சப்பட்டு மதியம் வரை தாங்கினேன். கால் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்ததும் அக்காவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் சாமான் வைக்கும் சின்ன அறையை ஒழித்துக் கொடுத்து, கதவுக்கு வெளியே தானே நின்றுகொண்டார். தலைமேல் வந்த டப்பாவில் துணி காய்ந்தே இருந்தது. கையுறை வீட்டோடு போயிற்று. மகள் தன் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு ஏற்றிவிட்டாள். உள்ளே காற்றே இல்லை. இரண்டு பேரும் வியர்வையில் நனைந்தோம். மாட்டி முடித்து எழுந்து நின்றதும் என்னால் மறுபடி ஒரு மனுஷியாக அடுப்படிக்குப் போய்க் கைகொடுக்க முடிந்தது.

அந்த வீட்டில் கோடி வீட்டு ஆயாவும் இருந்தார். அவருக்கு உண்மையான யானைக்கால். இடது கால் மட்டும், பாதம் முதல் தடித்து, தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்தக் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரமில்லாமல் ஒற்றி, மருந்து தடவி, உயர்த்தி வைக்க வேண்டும். அதற்கென்று சுகாதாரத் துறை கொடுத்த டப், மக், துண்டு, சோப்பு எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன. விரலிடுக்கு வெடிப்போடு அவரும் எங்களைப் போல அந்தச் சாக்கடையில்தான் நடந்து வந்திருந்தார். அன்று சாயங்காலம் மெதுவாகக் கேட்டார்: "ஒரு சொம்பு நல்ல தண்ணி குடு கண்ணு, காலைக் கழுவணும்."

"குடிக்கவே இழுபறியா இருக்கு, கால் கழுவவா ஆயா?" என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை, மடியில் கைக்குழந்தை வைத்திருந்தார். ஆயா அதற்குமேல் பேசவில்லை. காலை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார்.

புடவைக்குள் காலை மறைத்துக்கொள்ளும் அந்த அசைவு எனக்குத் தெரியும். என் பங்குத் தண்ணீரையும் மகள் பங்கையும் ஊற்றி, ஆயாவின் காலைக் கழுவி, மூட்டையோடு வந்த புது லைனிங் துணியைக் கிழித்து விரலுக்கு விரல் ஒற்றினோம். அது போதவில்லை. புதன்கிழமை இரவு அவருக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர் ஜுரம் தூக்கிவாரிப் போட்டது. வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்தால் யானைக்காலில் இப்படித்தான் வரும். ஒவ்வொரு தடவை இந்த ஜுரம் வரும்போதும் கால் முன்னைவிடப் பெரிதாகும். மறுநாள் தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஒரு டிராக்டரில் ஏற்றி ஆவடிக்குக் கொண்டு போனார்கள். ஊசி மருந்தில் பிழைத்து வந்தார். கால் அளவு கூடித்தான் வந்தது.

நாங்கள் வீடு திரும்பியபோது சுவரில் இடுப்புயரத்துக்குக் கறுப்புக் கோடு. சேறு வாரினோம், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம், மறுபடி வாரினோம். கொல்லைக் கொடியில் காயப்போட்டிருந்த என் இன்னொரு ஜோடி ஸ்டாக்கிங்ஸ் மதில் ஓரத்தில் சேற்றில் புதைந்து கிடந்தது. கொதிக்க வைத்தால் நூல் போய்விடும், பிளீச்சிங்கில் போட்டாலும் போய்விடும், இரண்டும் செய்யாமல் காலில் மாட்ட முடியாது. தூக்கிப் போட்டேன். மிச்சமிருந்த ஒன்றை, நல்ல தண்ணீர் வரும் வரை அலசாமலே நாள்கணக்கில் போட்டுக்கொண்டேன். இழுப்பு தளர்ந்து முட்டியில் மடிந்தது, மடிந்த இடத்தில் தோல் உரிந்தது. அதைக் கழற்றினால் வேலை செய்ய முடியாது. போட்டால் எரிந்தது.

அரசு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ரேஷன் கடையில் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றோம். நடப்பதைவிட நிற்பதுதான் என் காலுக்குப் பகை. நடக்கும்போது ஆடுசதை சுருங்கி விரிந்து தேங்கியதை மேலே தள்ளும், நிற்கும்போது எல்லாம் இறங்கும். வரிசையில் பாதி தூரம் போனதும் தரையில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்த பெண் "நல்லாத்தானேம்மா இருக்கீங்க, எழுந்திரிங்க" என்றாள். புடவைக்குள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கையில் வந்த பணம் மெஷின் மோட்டாருக்கும், கெட்டுப்போன ஓரிரண்டு துணிகளுக்கு ஈடாகப் புதுத் துணி எடுத்துக் கொடுக்கவும் சரியாய்ப் போயிற்று. மெஷின் ஓடினால்தான் ஸ்டாக்கிங்ஸ் வாங்க முடியும், ஸ்டாக்கிங்ஸ் இருந்தால்தான் மெஷினை ஓட்ட முடியும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரப் பங்குனி ஆகிவிட்டது. புதிதாக அளவெடுத்தபோது ஆடுசதையில் டேப் முன்பைவிட அதிகம் காட்டியது.

அந்த வாரங்களில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் கால் நன்றாக இருந்தது ஸ்டாக்கிங்ஸால் மட்டும் அல்ல. அலச நல்ல தண்ணீர், விரிக்க நிழல், போடும்போது மின்விசிறி, சாத்திக்கொள்ள ஒரு கதவு, இழுத்துவிட ஒரு கை, மாற்றுக்கு இன்னொரு ஜோடி. இத்தனையும் சேர்ந்துதான் என்னை நடமாட வைத்திருந்தன. வெள்ளம் ஒரே இரவில் இவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டபோது, என் நோய் சாதாரண நாளில் எவ்வளவு உழைப்பால் மறைந்திருந்தது என்று தெரிந்தது. ஆயாவுக்கு அது ஒரு சொம்புத் தண்ணீர். வயிற்றில் கழிவுப் பை வைத்திருப்பவருக்கு அந்தப் பை. இன்சுலின் போடுகிறவருக்குக் குளிர்ச்சி. டயாலிசிஸ் செய்கிறவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை. வெள்ளத்தில் எல்லோரும் ஒரே தண்ணீரில்தான் நிற்கிறோம், ஆனால் எல்லோருக்கும் முதலில் தேவைப்படுவது ஒன்றல்ல.

நிவாரணத்துக்கு வந்தவர்கள் பால் கொடுத்தார்கள், பிரெட் கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் இடுப்புத் தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து வந்ததை என்றும் மறக்க மாட்டேன். அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன், அரசிடமும் கேட்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறார்கள், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அப்படி வருகிறவர்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். செப்டம்பரிலேயே வார்டு வாரியாக ஒரு பட்டியல் எழுதி, யாருக்கு என்ன சாமான் தினமும் வேண்டும் என்று குறித்து, அதில் ஒரு பங்கை மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ முன்கூட்டியே வைக்கலாம். முகாமில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை ஒதுக்கலாம். வரிசையில் நாலு நாற்காலி போடலாம். இவை எதற்கும் பெரிய செலவில்லை.

எங்கள் தெருவில் நாங்களே ஆரம்பித்துவிட்டோம். மழைக்கு முன்னால் மாடி வீட்டு அக்கா வீட்டில் ஒரு பெட்டி வைக்கிறோம். அதில் என் பழைய ஸ்டாக்கிங்ஸ் ஒரு ஜோடி, கையுறை, ஆயாவுக்கு டப், சோப்பு, துண்டு, மருந்து. கால் கழுவுவதற்கென்றே பெயர் எழுதி ஒரு கேன் தண்ணீர் தனியாக இருக்கிறது. அன்று "கால் கழுவவா?" என்று கேட்ட பெண்தான் அந்தக் கேனுக்கு இப்போது காசு கொடுக்கிறாள். ஒரு தெருவால் இவ்வளவு முடியும். மற்றதை ஊர் செய்ய வேண்டும். முகாமில் பெயரும் கார்டு எண்ணும் எழுதிக்கொள்ளும் நோட்டில் இன்னொரு கட்டம் போட்டு, "உங்க உடம்புக்குத் தினமும் என்ன வேணும்?" என்று கேட்டு, சொல்வதை நம்பி, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.